சொந்தக் காட்டில் நிற்கும் சீமைக்கருவேலத்தை நாமே வெட்டி விறகாக்கினால் கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகும், வீடு கொண்டுவந்து சேர்க்கிற செலவைச் சுருக்கினால். எங்கள் முதுகுளத்தூர் பக்கம் விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த மரத்தை வெட்டித்தான் அடுப்பு எரிக்கிறோம். மரத்தைச் சாய்ப்பது பெரிய வேலையே இல்லை. முள் கழிப்பதும் சுமப்பதும்தான் ஆளை வாங்கிவிடும்.

முதலில் காலைப் பாருங்கள். ரப்பர் செருப்பை இந்த முள் அப்படியே துளைத்து ஏறும். ஒடிந்து உள்ளே தங்கினால் சீழ் வைத்துவிடும். டயர் செருப்புதான் சரி. ஒரு கையில் கவைக்கம்பு, மறு கையில் அரிவாள். கவையால் கிளையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து நுனியைப் பார்த்துச் சீவிக்கொண்டே போக வேண்டும். கழித்த முள்ளை அப்போதைக்கப்போது ஒரே பக்கமாகத் தள்ளிவிடுங்கள், வேலி அடைக்க ஆகும்.

கனத்த கட்டைகளைப் பச்சையிலேயே பிளந்துவிடுங்கள். காய்ந்து இறுகிவிட்டால் கோடாலி துள்ளும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. கட்டையின் தலைப்பில் கீறல் ஓடியிருக்கும். அந்தக் கீறலிலேயே, நடுவில் போடாமல் ஓரத்தில் போடுங்கள். கணுவில் போட்டால் கோடாலியைக் கவ்விக்கொள்ளும். அந்த மாதிரிக் கட்டைக்கு ஆப்பு இறக்கிச் சம்மட்டியால் அடிக்க வேண்டியதுதான். முறுக்கேறிய தூர்க்கட்டையோடு மல்லுக்கட்டவே வேண்டாம், கரிமூட்டம் போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். பிளந்ததை உடனே வண்டியில் ஏற்றாதீர்கள். பச்சைக் கட்டையின் கனத்தில் கணிசமான பங்கு தண்ணீர்தான், அதற்கு எதற்கு வாடகை? பங்குனி, சித்திரை வெயிலில் காட்டிலேயே கிடந்து காயட்டும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். பச்சை என்றால் ‘பொத்’தென்று அமுங்கும், காய்ந்தது ‘டங்’கென்று கேட்கும். சீமைக்கருவேலம் பச்சையாகவும் எரியும் என்பார்கள். உண்மைதான், ஆனால் வெட்டுவாயில் நுரை தள்ளிப் புகையும். அந்தப் புகை முழுக்கச் சமைக்கிறவர் கண்ணுக்குத்தான்.

பக்கத்துக் காட்டுக்காரர்களும் வெட்டினால் சேர்ந்து ஒரு டிராக்டர் பேசிக்கொள்ளுங்கள். கொஞ்சம் என்றால் டிவிஎஸ் எக்ஸ்எல் போதும். தலைச்சுமையாக வருவதென்றால், அடியும் நுனியும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டுங்கள், அப்போதுதான் கட்டு ஒரு பக்கம் இழுக்காமல் தலையில் நிற்கும். ஆண்கள் வெட்டிப் போட்டுவிட்டு வர, சும்மாடு கூட்டிச் சுமப்பது பெண்களாகவே இருப்பதைப் பல ஊர்களில் பார்க்கிறேன். அந்தக் கழுத்துவலிக்கு யாரும் கூலி போடுவதில்லை. ‘விறகு சும்மா கிடைக்கிறது’ என்று சொல்வது எனக்குப் பிடிக்காததே இதனால்தான். உங்கள் கணக்கில் அதையும் சேருங்கள்.

சொந்தப் பட்டா நிலத்தில் மட்டும் கை வையுங்கள். கண்மாயில் நிற்கும் மரம் ஏலத்தில் போகிறது, எடுத்தவரைக் கேட்காமல் வெட்டினால் வம்பு.

தூரை என்ன செய்வது என்பதையும் வெட்டும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு மழை பெய்தால் போதும், வெட்டுவாயைச் சுற்றித் துளிர்த்துவிடும். வருடாவருடம் விறகு வேண்டுமென்றால் விட்டுவைக்கலாம், சில வருடங்களில் மறுபடி வெட்டுக்கு வந்துவிடும். அந்த இடத்தில் உழவு ஓட்டி விதைக்கும் எண்ணம் இருந்தால், மழைக்கு முன்பே வேரோடு தோண்டி எடுத்துவிடுங்கள்.