ஆன்ட்-மேன் ஐந்து வருடம் எங்கே இருந்தார்?

களுவாஞ்சிக்குடி வாசகி ஒருவர் கேட்கிறார்: "பிள்ளைகளோடு 'இன்ஃபினிட்டி வார்', 'எண்ட்கேம்' இரண்டையும் தமிழில் பார்த்தோம். முதல் படத்தில் தலையே காட்டாத ஆன்ட்-மேன், அடுத்த படத்தில் ஒரு பழைய வேனுக்குள்ளிருந்து வந்து விழுகிறார். எங்கே இருந்தார் என்று மகன் கேட்கிறான். எல்லாப் படங்களையும் பார்த்தால்தான் விளங்கும் என்று சொல்லி, 'கால வரிசைப்' பென்டிரைவ் ஒன்றுக்குக் கடைக்காரர் விலை பேசுகிறார். வாங்கலாமா?"

வேண்டாம். 'எண்ட்கேம்' மார்வல் சூப்பர் ஹீரோ படங்களின் வரிசையில் இருபத்திரண்டாவது படம் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் மகனின் கேள்விக்கு இரண்டு படங்கள் போதும்: 2015இல் வந்த 'ஆன்ட்-மேன்', 2018இல் வந்த 'ஆன்ட்-மேன் அன்ட் தி வாஸ்ப்'.

முதலில், அவர் ஏன் போருக்கு வரவில்லை? ஸ்கொட் லாங், அதாவது ஆன்ட்-மேன், அப்போது வீட்டுக்காவலில் இருந்தவர். கேப்டன் அமெரிக்காவுக்குத் துணையாக ஜெர்மனிக்குப் போய் விமான நிலையத்தில் சண்டை பிடித்ததற்குக் கிடைத்த தண்டனை அது. இதை 'இன்ஃபினிட்டி வார்' படத்தில் நட்டாஷா (பிளாக் விடோ) ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். தேநீர் ஊற்ற எழுந்திருந்தால் தவறவிட்டிருப்பீர்கள். அந்தச் சண்டை 2016இல் வந்த 'சிவில் வார்' படத்தில் இருக்கிறது. அதையும் தேடி அலைய வேண்டாம். ஆன்ட்-மேனின் இரண்டாம் பாகத்தில் காவல் அதிகாரி ஒருவர் ஸ்கொட்டின் சின்ன மகளுக்கு அதை விளக்குகிறார். உங்கள் மகனுக்கும் அது போதும்.

இனி இரண்டாம் பாகம் எங்கே பொருந்துகிறது என்று பார்ப்போம். ஒரே பாரதத்தை இரண்டு களரிகளில் ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பதினெட்டாம் போர். மற்றதில் போரே தெரியாத ஒரு குடும்பக் கதை சிரிப்பும் கும்மாளமுமாகப் போகிறது. விடியும் நேரத்தில் அந்தக் களரியில் விட்ட அம்பு இந்தக் களரியில் வந்து தைக்கிறது. ஸ்கொட்டின் காவல் முடிய மூன்று நாள் இருக்கும்போது தொடங்கும் கதை, 'இன்ஃபினிட்டி வார்' வில்லன் தானோஸ் விரல் சொடுக்கிப் பாதி உயிர்களைச் சாம்பலாக்கும் கணத்தில் வந்து முட்டுகிறது. வேனில் பொருத்திய கருவி வழியாக ஸ்கொட் அணுவிலும் சிறிய குவாண்டம் உலகுக்குள் இறங்குகிறார். வெளியே நிற்கும் மூவர் அவரை மீட்க எண்ணத் தொடங்குகிறார்கள். எண்ணிக்கை பாதியில் நிற்கிறது. மூவரும் சாம்பல். அவரை இழுத்தெடுக்க ஆளில்லை. பிறகு ஓர் எலி அந்தக் கருவியின் மேல் ஓடும்வரை வெளியே ஐந்து வருடங்கள். அவருக்கோ ஐந்து மணித்தியாலம்.

இத்தனை முக்கியமான காட்சியைப் படத்துக்குள் வைத்தார்களா? இல்லை, பெயர்ப் பட்டியலுக்கு நடுவில் ஒளித்து வைத்தார்கள். நான் பார்த்த தியேட்டரில் பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். தும்புத்தடியோடு வந்தவர் காலைத் தூக்கச் சொன்னார். பென்டிரைவ் வியாபாரிகள் இன்னும் மோசம். இடத்தை மிச்சம் பிடிக்கப் பெயர்ப் பட்டியலையே வெட்டி எறிகிறார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கும் படத்தில் உங்களுக்கு வேண்டிய காட்சி மட்டும் இருக்காது.

அந்தக் 'கால வரிசை' வேறு ஒரு பொறி. 'கேப்டன் மார்வல்' 1995இல் நடக்கும் கதை என்பதால் அதைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுகிறார்கள். ஆனால் 2019இல் வந்த அந்தப் படத்தின் வால்காட்சியில், தானோஸின் சொடுக்குக்குப் பின் மிஞ்சிய அவெஞ்சர்கள் என்ற ஹீரோ அணியினர் நின்றுகொண்டிருக்கிறார்கள். இழவு வீட்டைக் காட்டிவிட்டுக் கல்யாண வீட்டுக்குக் கூட்டிப்போவது போன்ற வேலை இது. படம் வெளிவந்த வரிசையில் பாருங்கள். வேறு வரிசை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

ஆகவே முதலில் 'ஆன்ட்-மேன்'. 'இன்ஃபினிட்டி வார்' பார்த்தாகிவிட்டது. பிறகு 'ஆன்ட்-மேன் அன்ட் தி வாஸ்ப்', அதன் பின் 'எண்ட்கேம்' படத்தின் முதல் அரை மணித்தியாலத்தைத் திரும்பப் போடுங்கள். இரண்டாம் பாகத்தின் நீளம் 118 நிமிடம். பத்து நிமிடம் குறைவாகக் காட்டினால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். சாம்பல் பறந்த பிறகு, கடைசியில் ஒரு பெரிய எறும்பு டிரம்ஸ் அடிக்கும். அதைப் பார்க்காவிட்டாலும் குடி முழுகாது.