சாம்பலில் பயிர் வைக்கும் தீவு: லான்சரோட்டே பயணம், வாசகர் கேள்வி – பதில்

ஸ்பெயினைச் சேர்ந்த கனாரித் தீவுகளில் ஒன்று லான்சரோட்டே. அட்லாண்டிக் பெருங்கடலில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 130 கி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே போய்வர விரும்பும் டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: நெல்லும் உளுந்தும் போடுகிற குடும்பம் எங்களுடையது. ஆறே இல்லாத தீவில், எரிமலைச் சாம்பலில் திராட்சை விளைகிறதாமே? கிட்டப் போய்ப் பார்க்க விடுவார்களா? – மன்னார்குடி வாசகர்

பதில்: ஜூன் 12 மேட்டூர் திறப்பை வைத்துக் கணக்குப் போடும் நமக்கு இதைவிடப் பார்க்கவேண்டிய ஊர் இல்லை. அங்கே ஆறும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 150 மி.மீ. நம் பக்கம் ஐப்பசி அடைமழை இரண்டு நாளில் கொட்டிவிடும் அளவு அது.

1730 செப்டம்பர் 1 அன்று திமன்ஃபாயா பகுதியில் பூமி பிளந்தது. 1736 ஏப்ரல் 16 வரை அடங்கவில்லை. தீவில் நாலில் ஒரு பங்கு நெருப்புக் குழம்புக்கும் சாம்பலுக்கும் அடியில் போனது. நல்ல விளைநிலங்களும் அதில் மூழ்கின. பிறகு ஊரில் தங்கியவர்கள், சாம்பல் மெல்லிசாக விழுந்த இடங்களில் பயிர் முன்னைவிடச் செழிப்பாக வந்ததைக் கவனித்தார்கள்.

அவர்கள் ‘பிக்கோன்’ என்று சொல்லும் இந்தச் சாம்பல் நம் அடுப்புச் சாம்பல் போலத் தூள் அல்ல. உளுந்து அளவிலிருந்து கொண்டைக்கடலை அளவுவரை உள்ள கறுப்புக் கல் பொரி. ஒரு கை அள்ளினால் கனமே தெரியாது. ஒவ்வொரு மணியிலும் ஊசிமுனைத் துளைகள். மழைத்துளி இதற்குள் நிற்காமல் அடிமண்ணுக்கு இறங்கிவிடுகிறது, திரும்பி மேலே வருவதில்லை. மண்ணின் நுண்துளை வழியே ஏறும் ஈரம், பிக்கோனின் பெரிய இடைவெளிக்கு வந்ததும் தொடர்பு அறுந்து நின்றுவிடும். வைக்கோல் மூடாக்கு செய்கிற வேலைதான், ஆனால் மக்காத மூடாக்கு. இரவுப் பனியைக் குடித்தே கொடி வாழ்கிறது என்று சுற்றுலாக் கையேடுகளில் இருக்கும். பனிக்கும் பங்கு உண்டு. பெரிய காரியம், உள்ளே போன ஈரத்தை வெயிலுக்கு விடாமல் வைத்திருப்பதுதான்.

லா ஹேரியா பள்ளத்தாக்கில் சாம்பல் சில இடங்களில் மூன்று மீட்டர்வரை ஆழம். வேர் பழைய மண்ணைத் தொட்டாக வேண்டும் என்பதால் கூம்புக் குழி தோண்டி அடியில் கொடி வைக்கிறார்கள். பெரும்பாலும் குழிக்கு ஒன்று. வடகிழக்குக் காற்றைத் தடுக்க, விளிம்பில் சாந்து பூசாத பிறைவடிவக் கல்கட்டு. டிராக்டர் இறங்க வழியில்லை, எல்லாம் கைவேலை. ஜூலைக் கடைசியிலேயே பழம் பறிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

சாம்பல் தானாக விழாத நிலங்களில் பிக்கோனை 10–15 செ.மீ. கனத்துக்குக் கொண்டுவந்து பரப்புகிறார்கள். வெங்காயம், பருப்பு நடும்போது அதை விலக்கி, மண்ணில் விதையிட்டு, மறுபடி மூடவேண்டும். கெடுவது இங்கேதான். கொத்தும்போது மண்ணும் பிக்கோனும் கலந்தால் இடைவெளி அடைபட்டு, ஈரம் மேலேறிப் பறந்துவிடும். அப்புறம் சலித்துப் பிரிக்கவேண்டும், இல்லையென்றால் புதிதாகப் பரப்பவேண்டும்.

எல்இசட்-30 சாலை இந்தக் குழிகளுக்கு நடுவே போகிறது. சாலையிலிருந்தும் ஒயின் ஆலை முற்றங்களிலிருந்தும் தாராளமாகப் பார்க்கலாம். குழிக்குள் மட்டும் தயவுசெய்து கால் வைக்காதீர்கள். சரிவு சரிந்து கொடியை மூடிவிடும், யாரோ ஒரு விவசாயி அதை மண்வெட்டியால் அள்ளவேண்டியிருக்கும். 1775-ல் தொடங்கிய எல் க்ரிஃபோ ஆலையின் அருங்காட்சியகத்தில் பழைய கருவிகளைக் காணலாம். மது பழக்கமில்லாதவர்களுக்கும் அது பயனுள்ள இடம்.

சம்பா, தாளடி அறுப்பு முடிந்த மார்ச், ஏப்ரலில் போனால் கறுப்புக் குழிகளில் இளந்தளிர் விட்டிருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் கூட்டமாக இருக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: அப்பா அம்மாவுக்கு மூட்டுவலி. எரிமலை ஏறாமல் பார்க்க முடியுமா? – திருவாரூர் வாசகி

பதில்: முடியும். திமன்ஃபாயா தேசியப் பூங்காவில் இஷ்டத்துக்கு நடக்கவே அனுமதி இல்லை. பூங்காப் பேருந்தில் உட்கார்ந்தபடி சுமார் 14 கி.மீ. சுற்றிவரலாம், வழியில் இறக்கிவிடமாட்டார்கள். கண்ணாடி வழியாகத்தான் படம் எடுக்கவேண்டும். கறுப்புச் சட்டை போட்டிருந்தால் பிரதிபலிப்பு குறையும். இந்தத் தடைக்குக் காரணம் உண்டு. மழை குறைவு என்பதால் அங்கே கல்மேல் பாசிப்பூஞ்சை வளர்வதே பல பத்தாண்டு வேலை. ஒரு காலடி பட்டால் தடம் வெகுகாலம் போகாது.

பேருந்து புறப்படும் இடத்தில், தரையில் பதித்த குழாயில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார்கள். சில நொடிகளில் அது நீராவித் தூணாகச் சீறி எழும். இன்னொரு குழியில் காய்ந்த செடியைப் போட்டால் தானே தீப்பிடிக்கும். மூத்தவர்களை இரண்டு எட்டு தள்ளியே நிறுத்துங்கள்.

செசார் மன்ரிக்கே என்ற தீவுக் கலைஞர் வடிவமைத்த ஹமியோஸ் தெல் ஆகுவா குகைக்குப் படி இறங்கவேண்டும். முடிந்தால் கைப்பிடித்துக் கூட்டிப்போங்கள். உள்ளே கடல்நீர்க் குளத்தில், ஒரு செ.மீ. அளவே உள்ள கண்ணில்லாத வெள்ளை நண்டுகள், சிந்திய அரிசி போலப் பாறையில் கிடக்கும். நம் வழக்கப்படி அங்கே காசு போட்டுவிடாதீர்கள். உலோகம் அரித்துக் கரைந்தால் அவை செத்துவிடும்.

கேள்வி: அங்கேயும் உப்பளம் உண்டா? – வேதாரண்யம் வாசகர்

பதில்: உண்டு. தென்மேற்கில் ஹானுபியோ. நெருப்புக் குழம்பு வளைகுடாவை அடைத்து உண்டாக்கிய உப்பங்கழியின் ஓரத்தில், கல் வரப்பு கட்டிய சிறு சிறு பாத்திகள். சாயங்கால வெயிலில் பாருங்கள்.

கேள்வி: விசா, போக்குவரத்து? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: ஸ்பெயின் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் எல்லா நாளையும் அடக்கியதாக இருக்கவேண்டும். ஸ்பெயின் தலைநகர் மத்ரீத் போய், அங்கிருந்து தீவின் தலைநகரான அரெசிஃபேவுக்கு விமானம். தீவின் கடிகாரம் மத்ரீதைவிட ஒரு மணி நேரம் பின்னால். திரும்பும்போது இணைப்பு விமானத்தைத் தவறவிடுவது பெரும்பாலும் இதனால்தான். கார் ஓட்டுவதானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்டவேண்டும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினியா? – கும்பகோணம் வாசகி

பதில்: இல்லை. தோலோடு உப்புநீரில் சுண்டவைத்த சிறு உருளைக்கிழங்கு எங்கும் கிடைக்கும். தொட்டுக்கொள்ள ‘மோஹோ’: பூண்டு, சீரகம், எண்ணெய், வினிகர் சேர்த்து அரைத்தது. பச்சை மோஹோவில் கொத்தமல்லி இருக்கும், நமக்கு வாய்க்குப் பிடிக்கும். வறுத்த தானிய மாவான ‘கோஃபியோ’ நம் சத்துமாவுக்குச் சொந்தம். ஆனால் அதைக் கிளறித் தருவது பல இடங்களில் மீன் சாற்றில். பருப்பு சூப்பிலும் பன்றித் தொத்திறைச்சி கிடக்கும். “சின் கார்னே” (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது, ஹாமை (பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சி) இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. “சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ” (இறைச்சி, ஹாம், மீன் எதுவும் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள்.