மாடி ஆடினால் கீழே ஓட வேண்டுமா?

கேள்வி: ஐயா, பினாங்கு தஞ்சோங் தொக்கோங்கில், கடல் பார்த்த அடுக்குமாடியில் 12ஆவது மாடியில் குடியிருக்கிறோம். சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம் வந்தால் இங்கே விளக்கு ஊசலாடுகிறது. என் மாமியாருக்கு முழங்கால் வலி, படி இறங்க முடியாது. சுனாமி வந்துவிடுமோ என்று அன்றிரவு முழுக்கத் தூங்க மாட்டார். ஆட்டம் வந்ததும் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டுமா? மாசி மகத்துக்குத் தெலுக் பஹாங் கடற்கரைக்கு அழைத்துப் போகலாமா?

பதில்: சகோதரி, சுனாமிக்குப் பயந்து அவரைப் படியில் இறக்காதீர்கள். 2004இல் பினாங்கைத் தாக்கிய அலை உங்கள் மாடிக்குப் பல மாடிகள் கீழேயே நின்றிருக்கும். கீழே கார் நிறுத்துமிடத்தில் நிற்பதைவிட மேலே இருப்பதுதான் பாதுகாப்பு. ஆடும்போது கண்ணாடி சன்னல், அலமாரி பக்கம் போகாமல் உட்காருங்கள், மின்தூக்கியைத் தொடாதீர்கள். சுவர் வெடித்தாலோ, அதிகாரிகள் வெளியேறச் சொன்னாலோ அது வேறு விஷயம், அப்போது இறங்கத்தான் வேண்டும்.

மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்: வீடு ஆடுவது வேறு, கடல் எழுவது வேறு. தொலைவிலிருந்து வரும் நில அதிர்வில் மெதுவான அசைவுகள்தான் மிஞ்சி நம் ஊர் வரை வருகின்றன. உயரமான கட்டடங்கள் அந்த அசைவோடு சேர்ந்து ஆடும். பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்), தாழ்வான வீட்டில் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். 2012 ஏப்ரல் 11 மாலை சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நடுங்கியது. பினாங்கில் மாடிகளிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். சுனாமி எச்சரிக்கையும் விட்டார்கள். வந்ததோ சிற்றலைதான். காரணம், அன்று கடலடிப் பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. தண்ணீரை மேலே தூக்க எதுவும் இல்லை.

சுனாமிக்குத் தரை மேலே எழ வேண்டும், அல்லது கீழே இறங்க வேண்டும். சுமத்ராவின் மேற்குக் கடலடியில் இந்தியப் பெருங்கடலின் தட்டு (பூமியின் மேலோட்டுப் பாறைப் பலகை), தீவு உட்கார்ந்திருக்கும் தட்டுக்கு அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நுழைந்துகொண்டே இருக்கிறது. இரண்டும் ஒட்டிக்கொண்ட இடத்தில் மேல்தட்டின் விளிம்பும் சேர்ந்து உள்ளே இழுபடுகிறது. பச்சைத் தென்னை மட்டையை வளைத்துப் பிடித்திருப்பதைப் போல நூற்றாண்டுக் கணக்கில் இறுக்கம் ஏறுகிறது. பிடி விட்டால் விளிம்பு துள்ளி எழும். 2004 டிசம்பர் 26, மலேசிய நேரம் காலை 8:58க்கு நடந்தது அதுதான். அளவு 9.1. அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு ஓடியது. கடல்தரை சில மீட்டர் எழும்பியபோது அதன் மேலிருந்த மொத்தத் தண்ணீரும், அடியிலிருந்து மேல்மட்டம் வரை, எழும்பியது. புயல் அலையில் மேல்நீர்தான் புரளும். இதில் கடலே நகர்கிறது. அதனால்தான் நடுக்கடலில் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் உயரமே இருந்த அலை, கரைக்கு வந்ததும் வீடுகளைப் பெயர்த்தது. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை!

அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல், விமான வேகம். 50 மீட்டர் ஆழத்தில் 80 கிலோமீட்டர்தான். நாகப்பட்டினம் அந்த நடுக்க மையத்திலிருந்து பினாங்கைப்போல மூன்று மடங்குக்கு மேல் தொலைவு. இருந்தும் அங்கே அலை நம் நேரப்படி 11:30ஐ ஒட்டி அடித்துவிட்டது. ஆழ்கடலில் நேராகப் போன அலை அது. நம் பக்கம் வந்தது ஆச்சே முனையைச் சுற்றி, ஆழமில்லாத மலாக்கா நீரிணைக்குள் நுழைந்து, மதியம் 1 மணியைத் தாண்டி வந்தது.

நான்கு மணி நேரம், சகோதரி. காலையில் ஆட்டத்தை உணர்ந்த ஊரில், ஞாயிற்றுக்கிழமை என்று பாசிர் பாஞ்சாங்கிலும் பத்து பெரிங்கியிலும் குடும்பங்கள் கடலில் குளித்துக்கொண்டிருந்தன. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை ஏற்பாடே இல்லை. மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில். இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னால் அந்த நான்கு மணி நேரத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

இன்று வானிலை ஆய்வுத் துறை கண்காணிக்கிறது. கடற்கரைகளில் அபாயச் சங்குகள் இருக்கின்றன. அத்துறையின் செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் குரல் பதிவை மாமியாருக்குப் போட்டுக் காட்டாதீர்கள்.

கடல் உள்வாங்கினால் ஓடு என்பார்கள். சரிதான், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். 2004இல் பிளவுக்குக் கிழக்கே கடல்தரை தாழ்ந்ததால் நம் பக்கம் அலையின் பள்ளம் முதலில் வந்தது, நீர் வற்றியது. மேற்கே தமிழ்நாட்டுக்கு முகடுதான் முந்தியது. அடுத்த முறை நமக்கு எது முந்தும் என்று கரையில் நின்று சொல்ல முடியாது.

2004 சுனாமிக்குச் சில நாள் கழித்து கெடா, கோலா மூடாவில் ஒரு மீனவர் வீட்டுச் சுவரை அளந்தேன். சேற்றுக் கோடு என் இடுப்புக்கு மேலே. சன்னல் கம்பிக்குள் ஒரு தேங்காய்த் துருவி வளைந்து சொருகிக் கிடந்தது. முதல் அலை முழங்காலோடு போய்விட்டதாம். முடிந்தது என்று வலையை எடுக்கத் திரும்பியிருக்கிறார். அவரைத் தூக்கியது அடுத்த அலை. தென்னையைப் பிடித்துப் பிழைத்தார். அலைகள் பல மணி நேரம் வரும். அதிகாரிகள் சொல்லும்வரை யாரும் கரைக்குத் திரும்பக் கூடாது.

மாசி மகத்துக்குத் தாராளமாகப் போங்கள். தெப்பம் பார்க்கும் சந்தோஷத்தை அவருக்கு மறுக்காதீர்கள். காரை மட்டும் கரையோரம் விடாமல், பட்டாம்பூச்சிப் பண்ணை வழியாக அணைக்கட்டுக்கு ஏறும் சாலையில், மலை பார்த்து நிறுத்துங்கள். சங்கு ஒலித்தால் பத்து பெரிங்கி பக்கம் வண்டியைத் திருப்பாதீர்கள். அந்தச் சாலை கடலை ஒட்டியே வளைந்து போகிறது, நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். மாமியாருக்குச் சக்கர நாற்காலி ஒன்றைக் கூடவே எடுத்துப் போங்கள். அதை யார் தள்ளுவது என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.