பங்குனி மாதத்தில் நாய்களுடன் அருவிக்கு நடந்து செல்லத் திருநெல்வேலிப் பக்கம் ஏற்ற இடம் எது?

இரண்டு நாய்களை வளர்ப்பதாகவும், பங்குனி விடுமுறையில் அவற்றை ஓர் அருவிக்கு நடத்திக் கூட்டிச் செல்ல விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதே ஆசையோடு கன்னி இன வேட்டை நாய் ஒன்றையும் ஒரு செவலை நாட்டு நாயையும் கூட்டிக்கொண்டு கிளம்பியவன் நான் என்பதால், எங்கே போகக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மணிமுத்தாறு அருவியும் பாபநாசத்து அகத்தியர் அருவியும், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்திற்குள் இருக்கின்றன. மூன்று வருடங்களுக்கு முன்பு சோதனைச் சாவடியில் என்னை நிறுத்திய வனக்காவலர், “நாயோட மேல விட மாட்டோம் சார், செந்நாய்க்கு நோய் வந்துட்டா யாரு வைத்தியம் பார்ப்பா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என் மனத்தில் நன்றாகத் தைத்துவிட்டது. நம் வீட்டு நாய்களிடம் காணப்படும் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய் காட்டில் வாழும் செந்நாய்களுக்கும் தொற்றக்கூடியது; கூட்டமாக வாழும் விலங்கு என்பதால் ஒன்றுக்கு வந்தால் மற்றவற்றுக்கும் பரவும். சிறுத்தைக்கோ நாய் என்றால் இரை. ஆகவே யாரையாவது பிடித்து அனுமதி வாங்க முயல வேண்டாம் என்று உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். குற்றாலத்தில் பங்குனியில் பெரும்பாலும் பாறைதான் இருக்கும். ஆனி, ஆடிச் சாரலில் தண்ணீர் வரும்போது கூட்டமும் சேர்ந்தே வரும்.

எனக்குச் சரிப்பட்டு வந்தது தாமிரபரணியின் அணைக்கட்டு. ஆற்றின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளில் ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தது, மற்றவை அதற்கும் முந்தையவை. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கன்னடியன் கால்வாய்க் கரையோடு நடந்து அணைக்கட்டுக்குச் சென்றோம். ஆள் உயரம்கூட இல்லாத கல்வரிசையில் தண்ணீர் வழிந்து விழும் இடம்தான் அது; ஆனால் நாய்க்கு ஓசையும் ஈரக்காற்றும் கால் நனைக்க ஆழமில்லாத தண்ணீரும் கிடைத்தால் போதும். செவலை நேராகப் போய் வயிறு முழுவதும் நனையும்படி தண்ணீரில் படுத்துக்கொண்டது. கன்னியோ ஒரு முன்னங்காலை மட்டும் வைத்து, எடுத்து, உதறி, மறுபடியும் அதே இடத்தில் வைத்துப் பார்த்தது. பத்து நிமிடம் கழித்துத்தான் அடுத்த காலை இறக்கியது. மனிதர்கள் குளிக்கும் துறைக்கு மேலே நாய்களை இறக்காமல், எப்போதும் அதற்குக் கீழே இறக்குங்கள்.

பிசானம் என்னும் நெல் பருவத்தின் அறுவடை முடிந்த வயல்களில் அந்தச் சமயம் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. வரப்புத் திருப்பத்தில் கிடையைப் பார்த்ததும் கன்னி கயிற்றை இழுத்த இழுப்பில் என் உள்ளங்கை சிவந்துவிட்டது. “தம்பி, நாயை இறுக்கிப் பிடிச்சுக்கிடுங்க, எங்க நாய் வந்தா விடாது” என்று ஆடு மேய்க்கும் கீதாரி எச்சரித்தார். கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் கண்டு துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனங்கள். மயிலோ முயலோ எழுந்து ஓடினால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்த முடியாது. எனவே வழி முழுவதும் கயிறு கையிலேயே இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது வெயிலுக்குத்தான். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமே அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. விடியும் முன் கிளம்பி, எட்டரை மணிக்குள் நிழலுக்குத் திரும்பிவிடும்படி திட்டமிடுங்கள். தார்ச்சாலையில் நடக்க நேர்ந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நின்று பாருங்கள்; உங்கள் பாதம் பொறுக்காத சூட்டை அதன் பாதமும் பொறுக்காது. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக வழிந்து, பின்னங்கால்கள் தள்ளாடினால், நிழலில் கிடத்தி, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சாதாரணத் தண்ணீரை ஊற்றித் துண்டால் விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். திருநெல்வேலியை அடுத்த ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்குச் சிகிச்சை அளிக்கிறார்கள்.

தேங்கிய குட்டைத் தண்ணீரைக் குடிக்கவிடாமல், வீட்டிலிருந்தே தண்ணீரும் ஒரு கிண்ணமும் எடுத்துச் செல்லுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி அத்தகைய தண்ணீரில் இருக்கக்கூடும், அதற்கும் சேர்த்துத் தடுப்பூசி போட்டிருப்பது நல்லது. திரும்பியதும் காது மடலின் உட்புறத்தையும் விரலிடுக்குகளையும் விரலால் தடவிப் பாருங்கள். அன்று செவலையின் இடது காதிலிருந்து மட்டும் நான் மூன்று உண்ணிகளை எடுத்தேன்.