ஏரியின் கணக்கு யார் கையில்?

கேள்வி: எங்கள் பகுதி ஏரிக்கு வேலியும் நடைபாதையும் விளக்குகளும் வந்துவிட்டன. ஆனால் மழையில்லாத நாளிலும் வாய்க்காலில் கறுப்பாக நீர் வந்து விழுகிறது. ஓர் அலுவலகத்தில் முறையிட்டால் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள். யாரைத்தான் கேட்பது?
– வாசகி, பெங்களூரு

பதில்: மழையில்லாத நாளிலும் நீர் வருவதைக் கவனித்திருக்கிறீர்களே, அதுவே முதல் சாட்சி. இங்கே ராஜகாலுவே எனப்படும் பெருவாய்க்கால்கள் ஓர் ஏரியின் உபரி நீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுசெல்ல அமைந்தவை; வறண்ட கோடையில் அவற்றில் ஓடுவது பெரும்பாலும் வீட்டுச் சாக்கடைதான். வேலியும் விளக்கும் அதைத் தடுக்கப் போவதில்லை.

முன்பு தமிழகத்தில் நீர்க்கட்டி என்றும் இங்கே நீருகண்டி என்றும் அழைக்கப்பட்ட ஊர்ப் பணியாளர் ஒருவரே மடை, வாய்க்கால், வயலுக்கான பங்கு அனைத்தையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டார். (அந்த உழைப்பு பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் தலையில் சுமத்தப்பட்டது என்பதால் பழமையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை.) இன்றோ சாக்கடைக் குழாய் குடிநீர், கழிவுநீர் வாரியத்திடம், நிலப் பதிவேடு வருவாய்த் துறையிடம், நீரின் தரச் சோதனை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம், மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். ஏரி ஒன்றாக இருக்க, அதன் கணக்கு மட்டும் நான்கு அலமாரிகளில் கிடக்கிறது.

இதன் விளைவைப் பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியில் கண்டோம். 2017 பிப்ரவரியில் அந்த ஏரி தீப்பற்றிப் புகைந்தது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலக்கும் கழிவு, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையாக மிதக்கிறது. ஒரு நகரம் செய்யத் தவறிய வேலையின் பலனை எல்லைக்கு அப்பால் உழவர்கள் சுமக்கிறார்கள். மாறாக இதே நகரின் ஜக்கூரில், சுத்திகரிக்கப்பட்ட நீர் நாணலும் சம்பும் வளர்ந்த சதுப்பு வழியாக வடிந்த பிறகே ஏரியைச் சேரும்படி அமைத்திருக்கிறார்கள். நீர் எந்த வழியாக, எந்த நிலையில் உள்ளே வருகிறது என்பதை முதலில் தீர்த்துக்கொண்ட ஏற்பாடு அது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் 6(3) பிரிவின்படி, தகவல் வேறோர் அலுவலகத்திடம் இருந்தால், விண்ணப்பத்தைப் பெற்றவரே ஐந்து நாட்களுக்குள் அதை உரிய இடத்துக்கு மாற்றி உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அலைய வேண்டியது தாள்தான், நீங்கள் அல்ல. கர்நாடக விதிகள் ஒரு விண்ணப்பத்தில் ஒரே பொருளை, 150 சொல்லுக்குள் கேட்கச் சொல்கின்றன. ஆகவே முதல் விண்ணப்பத்தில் ஏரியின் நில அளவை வரைபடத்தை மட்டும் கேளுங்கள். கழிவுநீர் இணைப்புகளின் விவரத்துக்குத் தனி விண்ணப்பம் எழுதுங்கள். இரண்டையும் கன்னடத்தில் எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைத் தேதியோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.