பிரபுவின் புறாக்கள்

அன்புள்ள ஐயா,

வால்டேர், ரூசோ போன்ற சிந்தனையாளர்கள் எழுதியதால்தான் பிரெஞ்சுப் புரட்சி வந்தது என்று கல்லூரியில் படித்தேன். எழுத்தறியாத விவசாயி ரூசோவை எங்கே படித்திருக்கப் போகிறான்? ரொட்டி விலைதானே உண்மையான காரணம்? பகுத்தறிவு பேசியவர்கள் கில்லட்டின் என்ற தலைவெட்டும் எந்திரத்தில் போய் நின்றது ஏன்?

கதிர்

அன்புள்ள கதிர்,

கில்லட்டினை இன்று விட்டுவிடுவோம். அது தனிக்கதை. முதல் கேள்வி மட்டும் சில நாட்களாக எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ரொட்டி விலை ஏறியது உண்மை. 1788 கோடையில் ஆலங்கட்டி மழை விளைச்சலை அடித்துப் போட்டது. அமெரிக்கப் போருக்குச் செலவழித்துக் கஜானாவும் கடனில் கிடந்தது. சரி. ஆனால் 'எழுத்தறியாத விவசாயி' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. படிக்காதவனுக்கு வயிறு மட்டும்தானா இருக்கிறது? அவன் என்ன சொன்னான் என்று தேடிப் பார்த்தீர்களா? அவ்வளவும் எழுத்தில் கிடக்கிறது.

1614க்குப் பிறகு கூடாத பிரதிநிதிகள் சபையை 1789இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி கூட்டினார். அதற்கு முன் ஊர் ஊராகக் குறைகளை எழுதித் தரச் சொன்னார்கள். ஏறக்குறைய 60,000 பட்டியல்கள் வந்தன. உப்பு வரி, பிரபுவின் வேட்டை, அப்புறம் பிரபுவின் புறாக்கள். விதைத்த தானியத்தை அவை கொத்தித் தின்னும். விவசாயி ஒன்றைக்கூட அடிக்கக் கூடாது. இத்தனையையும் மன்னரைத் தகப்பனாக நினைத்துக் கெஞ்சிய பட்டியல்கள் ஏராளம்.

என் அப்பா ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பார். திண்ணையில் உட்கார்ந்து, தொடையில் பரீட்சை அட்டையை வைத்துக்கொண்டு எழுதுவார். முடித்ததும் வாசித்துக் காட்டுவார். ஒருநாள் 'கருணை கூர்ந்து' என்ற இடம் வந்ததும் ஒரு பாட்டி குறுக்கிட்டாள். "கருணை எதுக்கு சாமி? நான் வரி கட்டியிருக்கேன்ல?" அப்பா நிமிராமல், "அப்படித்தான் எழுதணும் ஆத்தா" என்றார். அவள் பேசாமல் கைநாட்டு வைத்தாள். எனக்கு அப்போது பத்து வயது. இன்னும் அது ஆறவில்லை.

கதிர், 'கருணை' என்ற அந்த ஒரு வார்த்தையை 'உரிமை' என்று மாற்றியதில்தான் சிந்தனையின் பங்கு இருக்கிறது. மன்னர் மனமிரங்கிப் புறாக்களை அடைக்கச் சொல்லியிருக்கலாம். அடுத்த மன்னர் திறந்து விட்டிருப்பார். சபைக்குப் போனவர்களில் வக்கீல்கள் அதிகம். அதிகாரம் மக்களிடமிருந்து வருகிறது என்ற பேச்சு அவர்களுக்குப் பழகியிருந்தது. ரூசோவின் 'சமூக ஒப்பந்தம்' 1762லேயே வந்துவிட்டது. பட்டியல் கொண்டுவந்த குறையும் புத்தகம் கொண்டுவந்த சொல்லும் அங்கே சந்தித்தன.

1789 ஆகஸ்ட் 26ஆம் தேதி மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. எந்த அரசு அலுவலரிடமும் கணக்குக் கேட்கச் சமூகத்துக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 15ஆவது பிரிவு. பாட்டி கேட்டதும் இதைத்தானே? அதற்குச் சில நாட்கள் முன்பே, பிரபுக்களின் சலுகைகளை ஒழித்த ஆணையின் இரண்டாவது பிரிவில் புறாக்கள் வந்துவிட்டன. ஊரார் சொல்லும் காலத்தில் அவற்றை அடைத்து வைக்க வேண்டும். வெளியே வந்தால், தன் நிலத்தில் யாரும் கொல்லலாம்.

அந்தப் பட்டியல்களில் நாலைந்தையாவது தேடிப் படியுங்கள். படித்துவிட்டு எழுதுங்கள்.