கோச் கூப்பிடுகிறார், மகனை அனுப்பலாமா?

கேள்வி: எனக்கு ஒரே மகன், வயது 22. கணினி அறிவியல் படித்து முடித்துவிட்டான். படித்த நான்கு வருடமும் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு மாணவர் மேனேஜர். பந்து துடைப்பது, துண்டு மடிப்பது, வீடியோ எடுப்பது எல்லாம் அவன் வேலை. மார்ச்சில் அணியின் தலைமைப் பயிற்சியாளரை நீக்கிவிட்டார்கள். ஒரே வாரத்தில் உதவிப் பயிற்சியாளர்கள் அத்தனை பேரும் அட்டைப்பெட்டியும் கையுமாகக் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவருக்கு இப்போது வேறு மாநிலத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் தலைமைப் பயிற்சியாளர் வேலை கிடைத்திருக்கிறது. "என்கூட வா, கிராஜுவேட் அசிஸ்டென்டாக எடுத்துக்கொள்கிறேன்" என்று மகனைக் கூப்பிடுகிறார். இரண்டு வருட முதுகலைப் படிப்புக்குக் கட்டணம் இல்லை, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். இன்னொரு பக்கம் ஷார்லட்டில் மென்பொருள் வேலைக்கான ஆஃபர் லெட்டர் மேஜைமேல் கிடக்கிறது. "பெரிய கோச்சுக்கே நிலைக்காத வேலை இவனுக்கு எப்படி நிலைக்கும்?" என்கிறாள் என் மனைவி. என்ன செய்வது?
– ஒரு தந்தை, கேரி, வட கரோலினா

பதில்: உங்கள் மனைவி கேட்டது நல்ல கேள்வி. நேரான பதிலையும் சொல்லிவிடுகிறேன்: நிலைக்காது. ஆனாலும் பையனை அனுப்புங்கள் என்றுதான் சொல்லப் போகிறேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊர்க் கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டரை மாற்றினால் காய் நறுக்குகிறவர் முதல் பந்தி பரிமாறுகிறவர் வரை புது ஆட்கள்தான் வண்டியில் வந்து இறங்குவார்கள். பழைய ஆட்கள் கெட்டிக்காரர்களா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தும் அப்படித்தான் நடக்கிறது. சம்பளக் காசோலையில் கல்லூரியின் பெயர் இருக்கும், ஆனால் உதவிப் பயிற்சியாளர் வேலை பார்ப்பது ஒரு மனிதரிடம். அவர் போனால் இவரும் போக வேண்டியதுதான்.

நீங்கள் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளர் டீன் ஸ்மித் 1997-இல் ஓய்வு பெற்றதும், 30 வருடம் அவருக்கு உதவியாளராக இருந்த பில் கத்ரிஜ் பொறுப்பேற்றார். மூன்றே வருடம், அதில் இரண்டு முறை அணி தேசியப் போட்டியின் கடைசி நான்குக்குள் போனது. 2000-இல் அவரும் ஓய்வு பெற, நோட்டர் டேம் பல்கலைக்கழகத்திலிருந்து மேட் டோஹர்ட்டி வந்தார். இவரும் டீன் ஸ்மித்திடம் ஆடியவர், வீட்டுப் பிள்ளைதான். ஆனால் நோட்டர் டேமில் தன்னோடு இருந்த உதவியாளர்களைக் கூட்டிவந்து, இருந்தவர்களை அனுப்பினார். அனுப்பப்பட்டவர்களில் ஃபில் ஃபோர்டும் ஒருவர். அந்தக் கல்லூரிக்காக ஆடியவர்களில் மிகப் பெரிய பெயர்களுள் ஒன்று அது. ஊரே முகம் சுளித்தது. முதல் வருடம் 26 வெற்றி, எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டாம் வருடம் 8 வெற்றி, 20 தோல்வி. 2003-இல் டோஹர்ட்டி விலகினார். தோற்றதற்கு உதவியாளர்களை மாற்றியது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தோற்க ஆரம்பித்தபோது அவருக்காகப் பேச அந்த வீட்டுக்குள் பழைய ஆள் ஒருவர்கூட மிச்சமில்லை. அடுத்து வந்த ராய் வில்லியம்ஸும் கான்சாஸிலிருந்து தன் ஆட்களோடுதான் வந்து இறங்கினார். 2005-இல் தேசியக் கோப்பையை வென்றார்.

ஆக, ஆள் கூட்டி வருவது தப்பில்லை. அது அவசியமும்கூட. பக்கக்கோட்டுக்கு அருகே எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் தடுப்பவரின் வழியில் திரை போல நின்று ஆடும்போது, பந்து வைத்திருப்பவனை நடுவுக்கு வரவிடாமல் மூலைக்கே தள்ளுவது ஒரு தடுப்பு முறை. ஒரு கோச் அதை 'ஐஸ்' என்பார், இன்னொருவர் 'ப்ளூ' என்பார், மூன்றாமவருக்கு அது 'டவுன்'. புது அரங்கில் முதல் நாள் அவர் 'ப்ளூ' என்று கத்தும்போது, ஆட்டக்காரர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அந்த நேரத்தில் அவர் மொழி தெரிந்த ஒருவராவது பக்கத்தில் நிற்க வேண்டும். உங்கள் மகனைக் கூப்பிடுவது அதற்குத்தான். பரிதாபப்பட்டுக் கூப்பிடுகிறார் என்று நினைக்காதீர்கள். நான்கு வருடம் இவன் வீடியோ வெட்டிக் கொடுத்திருக்கிறான். அவருக்கு எது எப்படி வேண்டும் என்று சொல்லாமலே தெரிந்தவன்.

இப்போது அந்தப் புது கோச்சைப் பற்றி. அவரோடு வேறு யார் யார் சேருகிறார்கள் என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். நான் அளவுகோலாக வைத்திருப்பது அரிசோனா பல்கலைக்கழக அணி. கொன்சாகா பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 20 வருடம் உதவியாளராகவே இருந்த டாமி லாய்ட், 2021-இல் அங்கே முதல்முறையாகத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். பழைய அணியிலிருந்து ஜாக் மர்ஃபியை அனுப்பாமல் வைத்துக்கொண்டார். மர்ஃபி அதே அரிசோனாவில் படித்து, உங்கள் மகனைப் போலவே மாணவர் மேனேஜராக இருந்தவர். எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று தெரியும். அப்புறம் ஸ்டீவ் ராபின்சன்; ராய் வில்லியம்ஸிடம் நெடுங்காலம் இருந்தவர், அதற்கு நடுவில் தானே தலைமைப் பயிற்சியாளராகவும் அடிபட்டுத் தெளிந்தவர். மூன்றாவது ரிக்கார்டோ ஃபொய்ஸ், இத்தாலிக்காரர், கொன்சாகாவில் லாய்டோடு இருந்து பிறகு தொழில்முறை லீகான என்பிஏ-வுக்குப் போனவர். வீட்டு ஆள் ஒருவர், மூத்தவர் ஒருவர், தன் ஆள் ஒருவர். முதல் வருடமே 33 வெற்றி, 4 தோல்வி. உங்கள் மகனின் கோச் இந்த மாதிரிக் கலந்து எடுக்கிறாரா, அல்லது சேர்ந்து சிரிக்கிற நண்பர்களாகவே பொறுக்குகிறாரா என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால் எனக்குக் கொஞ்சம் யோசனைதான்.

வேலை என்னவென்று உங்கள் மனைவிக்குத் தெரிந்தால் பயம் பாதி குறையும், இல்லாவிட்டால் இரண்டு மடங்காகும். சீசனில் வரும் எதிரணிகளை உதவியாளர்கள் ஆளுக்குச் சிலவாகப் பிரித்துக்கொள்வார்கள். அதை 'ஸ்கவுட்' என்பார்கள். யாருடைய ஸ்கவுட்டோ, அந்த வாரம் அவருக்குத் தூக்கம் கிடையாது. எதிரணியின் பழைய ஆட்டங்களைப் பார்த்து, அவர்கள் எந்தக் கை சைகைக்கு எந்த ஆட்டம் ஆடுகிறார்கள் என்று பிரித்து, ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து பார்க்கிற அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்ட வேண்டும். வெட்டுகிற வேலை உங்கள் மகன் மாதிரிப் பையன்கள் தலையில்தான் வந்து விழும். வெளியூர் ஆட்டமென்றால் ஹோட்டலின் விருந்து அறையில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, கம்பளத்தின்மேல் டேப் ஒட்டிக் களம் வரைவார்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறடி எட்டு அங்குலப் பையன்கள் செருப்போடு அந்தக் கோடுகளுக்குள் நடந்து ஒத்திகை பார்ப்பார்கள். டேப் ஒட்டுவதும் இவன்தான், பிறகு கம்பளம் பிய்யாமல் உரிப்பதும் இவன்தான்.

ஒருமுறை பெஞ்சுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் எனக்கு இடம் கிடைத்தது. எதிரணிப் பையன் தலையில் கையை வைத்ததுதான் தாமதம், ஓர் இளம் உதவியாளர் துள்ளி எழுந்து ஏதோ ஒரு வார்த்தை கத்தினார். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் நகர்ந்தார்கள். பந்து போக வழியில்லாமல் நின்றது. அரங்கத்தில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. அவர் உட்கார்ந்தபோது முகத்தில் தெரிந்த திருப்தி இருக்கிறதே, மென்பொருள் அலுவலகத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. நான் 18 வருடம் அங்கே இருந்தவன்.

பணம்? முதல் சில வருடம் அதை மறந்துவிட வேண்டும். ராய் வில்லியம்ஸ் 1978-இல் டீன் ஸ்மித்திடம் பகுதிநேர உதவியாளராகச் சேர்ந்தபோது ஆண்டுக்கு 2,700 டாலர். மாநிலம் முழுக்க அணியின் காலண்டர் விற்றார். ஸ்மித்தின் டிவி நிகழ்ச்சி நாடாக்களைக் காரில் எடுத்துக்கொண்டு நிலையம் நிலையமாகப் போய்க் கொடுத்தார். அது போதாதென்று 1990-களில் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு ஒரு விதி போட்டது: ஒரு குறிப்பிட்ட வகை உதவியாளருக்கு ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் தரக் கூடாது. பயிற்சியாளர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள், 1999-இல் 5.45 கோடி டாலர் கொடுத்துத்தான் என்சிஏஏ அந்த வழக்கை முடித்தது. இப்போது நிலைமை தேவலை. 2023-க்கு முன்பு, மேல்நிலைப் பிரிவான டிவிஷன் ஒன்னில் ஓர் அணிக்கு மூன்று உதவிப் பயிற்சியாளர்கள்தான், இப்போது ஐந்து. ஏணியில் இரண்டு படி கூடியிருக்கிறது. ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரியே பணம் தரலாம் என்று 2025-இல் ஆனபிறகு, எண்களைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத் தேவை இன்னும் அதிகம். கணினி படித்தது வீண் என்று உறவினர் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

தண்ணீர் பாட்டில் நீட்டியவர்கள் எங்கே போனார்கள் என்றும் அவர்கள் கேட்கலாம். ஃபிராங்க் வோகல் ஜூனியாட்டா என்ற சின்னக் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தவர். அதை விட்டு கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குப் போய் மாணவர் மேனேஜர் ஆனார். 2020-இல் என்பிஏ அணியான லேக்கர்ஸ் கோப்பை வென்றபோது தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். எல்லாருக்கும் அப்படி நடக்காது, அது எனக்கும் தெரியும். பெரும்பாலானவர்கள் முப்பது வயதுக்குள் நாலு ஊர் மாறி, கல்யாணம், குழந்தை என்றதும் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

நம்பிப் போன கோச் தோற்றால்? நோலன் ஸ்மித் என்ற உதவியாளர் 2022-இல் டியூக் பல்கலைக்கழகத்தை விட்டு, லூயிவில் பல்கலைக்கழகத்தில் புதிதாகப் பொறுப்பேற்ற கென்னி பெயினிடம் போனார். இரண்டு சீசன், 12 வெற்றி, 52 தோல்வி, பெயினை நீக்கிவிட்டார்கள். நோலனுக்கு மெம்ஃபிஸில் இடம் கிடைத்தது. 2025-இல் டென்னசி ஸ்டேட்டுக்குத் தலைமைப் பயிற்சியாளராகவே போனார். அவ்வளவு மோசமாகத் தோற்ற கோச்சுக்கே இரண்டு சீசன் கொடுத்தார்கள், கவனியுங்கள். உங்கள் மகனின் படிப்பும் இரண்டே வருடம்தான். புதிதாக வருகிறவரிடம் சேருவதில் உள்ள லாபம் இது. நாலாவது வருடத்தில் தள்ளாடுகிற கோச் கூப்பிட்டிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

இருந்தாலும் ஒன்றை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்: நடுவில் கோச்சை நீக்கினாலும் இரண்டாம் வருடக் கட்டணச் சலுகை தொடருமா என்று. கோச் வாய் வார்த்தையில் சொல்வதை நம்ப வேண்டாம், கல்லூரி அலுவலகத்திலிருந்து வர வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்கு 26 வயது வரை உங்கள் பாலிசியிலேயே இருக்கலாம். ஷார்லட் கம்பெனிக்கு ஆறு மாதம் தள்ளிப்போட முடியுமா என்றெல்லாம் கேட்டு இழுக்காமல், மரியாதையாக நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதட்டும்.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசப்பானது. 2017 செப்டம்பரில் ஆட்டக்காரர்கள் தொடர்பான லஞ்ச வழக்கில் எஃப்பிஐ கைது செய்தவர்களில் நான்கு பேர் கல்லூரிப் பயிற்சியாளர்கள். நான்கு பேருமே உதவிப் பயிற்சியாளர்கள். தலைமைப் பயிற்சியாளர் ஒருவர்கூடக் கைதாகவில்லை. ஆகவே "இந்தப் பையனை ஊரில் கொண்டு விட்டுவிடு", "அவன் அம்மாவுக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடு" என்று எவ்வளவு சின்ன வேலையை யார் சொன்னாலும், கல்லூரியின் விதிமுறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யட்டும். கேட்பதற்குக் கூச்சப்படுகிற பையன் என்றால் இதை மட்டும் நீங்கள் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

நீங்கள் அந்தக் கோச்சுக்கு போன் செய்து பேசலாமா என்று யோசித்திருப்பீர்கள். வேண்டாம் சார். நம் ஆட்களுக்கு அந்தக் கை அரிப்பு உண்டு, எனக்கும் உண்டு. ஆட்டம் பார்க்கப் போகும்போது கை கொடுத்து "வணக்கம்" சொன்னால் போதும்.

ஆகஸ்டில் வாடகைக்கு அறை பார்க்கும்போது அரங்கத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் பாருங்கள். வெளியூரில் தோற்றுவிட்டு அணியின் பேருந்து இரவு இரண்டு மணிக்கு வந்து இறக்கிவிடும். சின்ன ஊரில் அந்த நேரத்துக்கு ஊபர் கிடைக்காது.